பாட்டி விட்டுப்போன பால்குடம்

சிங்கப்பூரில் 1968 முதல் தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இல்லை. பள்ளிக்கூடத்தில் பெருக்கித் துடைத்து, பிள்ளைகள் வருமுன் வகுப்பறைகளைத் திறந்துவைக்கும் வேலை எங்கள் பாட்டிக்கு. அதனால் முதல்நாள் ராத்திரியே சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலில் வரிசைக்கு வந்துவிடுவார். நள்ளிரவையொட்டிக் கிளம்பும் முதல் கூட்டத்தோடு நடந்தால், டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் பால் செலுத்திவிட்டு விடியுமுன் வீடு திரும்பி வேலைக்குப் போய்விடலாம். ஓய்வுபெற்ற பிறகும் நேரத்தை மாற்றவில்லை. ராத்திரியில் தார் சுடாது, பாலும் திரியாது.

தலைத்திவசம் கழிந்தபின், அவர் பேத்திக்காக நேர்ந்திருந்த பால்குடத்தை இந்தத் தையில் பேத்தியே எடுத்தாள். முறையெல்லாம் பாட்டியுடையதுதான்.

பித்தளைக் குடத்தைப் புளிபோட்டுத் தேய்த்தால் கழுத்து விளிம்புக்கு உள்பக்கம் புளிப்பு தங்கிவிடும். பால் திரிவது பெரும்பாலும் அதனால்தான். பழி வெயில்மேல் விழும். கொதிநீர் ஊற்றி அலசி, கவிழ்த்து நன்றாகக் காயவிட வேண்டும். குளிர்ந்த பாலைக் கோயிலுக்கு வந்தபிறகே ஊற்ற வேண்டும். 2 லிட்டர் போதும். கழுத்துக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தாவிட்டால் நடையில் தளும்பி முகத்தில் வழியும். குடத்தின் வாயில் வாழையிலை, அதன்மேல் மஞ்சள் துணி, இறுக்கமாக ஒரு கட்டு. புதுத் துணியை முதலிலேயே அலசிவிடுங்கள், இல்லையென்றால் சாயம் வேர்வையில் இறங்கும். சும்மாடு ஈரத்துண்டில் சுற்றினால் வழுக்காது.

தூரம் 3 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல்தான். நடப்பது சிரமமில்லை, நிற்பதுதான் சிரமம். கோயிலை நெருங்க நெருங்க வரிசை நின்று நின்று நகரும், பிடரி இறுகிவிடும். அந்த இடத்தில்தான் கைப்பேசியை நீட்டிக்கொண்டு குறுக்கே புகுகிறார்கள். "சொந்தக்காரங்க உள்ள இருக்காங்க" என்று இடையில் நுழைபவர்களை முருகன்தான் கேட்க வேண்டும்.

உள்ளே போனதும் அத்தனையும் மறந்துபோகிறது. குடங்களை வாங்கி வாங்கி ஊற்றுகிறார்கள், வேல்மீது பால் வழிந்துகொண்டே இருக்கிறது. பேத்தியின் குடம் கைமாறியது. பால் திரியவில்லை, ஒரு துளி சிந்தவில்லை. நின்று கும்பிடக்கூட விடவில்லை, நகரச் சொன்னார்கள். போதும் அப்பா, அந்த ஒரு நொடி போதும். ராத்திரி முழுக்க நடந்த பாட்டியை மறுநாள் வேலையில் சோர்ந்து விழாமல் பார்த்துக்கொண்டாயே, அவள் கேட்ட பேத்தியைக் கொடுத்தாயே, அந்தப் பிள்ளை கையாலேயே கடனை வாங்கிக்கொண்டாயே தண்டாயுதபாணி! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!