மாடித் தோட்டத்துக்கு ஒரு பூவாளி
மலிவாகக் கிடைக்கிறதே என்று சென்ற ஆண்டு வாங்கிய பிளாஸ்டிக் பூவாளி, மொட்டை மாடி வெயிலிலேயே கிடந்து வெளுத்து, குழாயும் வாளியும் சேருமிடத்தில் மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டு, கத்தரிச் செடிக்குப் போகவேண்டிய தண்ணீரில் பாதியை என் காலில் ஊற்றத் தொடங்கியது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கை நொறுங்கச் செய்யும் என்று தெரிந்தும் அதை நிழலில் எடுத்து வைக்காதது என் சோம்பல்தான்.

தகரப் பூவாளி அழகாக இருந்தாலும், துத்தநாகப் பூச்சு தேய்ந்தால் அடிமூட்டில் துருப்பிடிக்கும் என்பதால் தயங்கினேன். 10 லிட்டர் என்றால் தண்ணீர் மட்டுமே 10 கிலோ. அதற்கு என் முழங்கால் சம்மதிக்காது. ஆகவே, தடித்த பிளாஸ்டிக்கில் 5 லிட்டர் பூவாளி ஒன்றை, கடையிலேயே தண்ணீர் நிரப்பி மூட்டுகளைச் சோதித்த பின் வாங்கினேன். எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலுள்ள உப்பு, பூவாளியில் தண்ணீர் பொழியும் துளைகளை அடைத்துவிடும் என்பதால், கழற்றிக் கழுவக்கூடிய சல்லடைமுகம் உள்ளதாகவே கேட்டு எடுத்தேன்.