தண்டையார்பேட்டை முகவரியோடு ஆன்லைனில் வரன் தேடுவோர் கவனத்துக்கு

கணக்குத் திறப்பது, ஓடிபி, போட்டோ ஏற்றுவது எல்லாம் அரை மணி நேர வேலை. அடி விழுவது பணம் கட்டிய பிறகு.

3 மாதத் திட்டம், 40 எண் பார்க்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைக் காட்டச் சொல்லித் தொட்ட நொடியிலேயே கணக்கில் ஒன்று குறைந்துவிடும். அந்த எண் ஸ்விட்ச் ஆஃப் என்றாலும் போனது போனதுதான். "பொண்ணுக்குப் போன தையிலேயே முடிஞ்சிடுச்சே தம்பி, அதை எடுக்க மறந்துட்டோம்" என்று பதில் வந்தாலும் போனதுதான். எடுத்தவர் தரகர், "நம்மகிட்ட நிறைய ஜாதகம் இருக்கு சார், ரெண்டாயிரம் கட்டுங்க" என்றாலும் அதே கதை. வாடிக்கையாளர் சேவையில் முறையிட்டால், "நீங்க எண்ணைப் பார்த்துட்டீங்களே சார்" என்பார்கள். அதற்கு மேல் அங்கே பேச ஒன்றும் இல்லை.

அதனால் முதலில் இலவசமாக விருப்பத்தை மட்டும் அனுப்புங்கள். அந்தப் பக்கம் ஏற்றுக்கொண்டு, கடைசியாக உள்ளே வந்த தேதியும் ஒரு வாரத்துக்குள் இருந்தால் மட்டும் எண்ணைத் திறக்கலாம். நாலு பேர் பக்கத்தில் ஒரே 'என்னைப் பற்றி' வாசகம் எழுத்துப் பிசகாமல் இருந்தால் பின்னால் ஒரே தரகர் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். பெற்றோர் நடத்தும் கணக்கா, பிள்ளையே நடத்துவதா என்பதும் பக்கத்தில் இருக்கும். பெற்றோர் என்றால் போன் செய்ய நல்ல நேரம் ஞாயிறு காலை 10 முதல் 12. அன்று மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். அந்த நேரத்தில் கூப்பிட்டு வரன் பேச்சை ஆரம்பித்தால் சில வீடுகளில் முகம் கோணும்.

திட்டத்தை எந்த மாதம் வாங்குகிறோம் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஆனிக் கடைசியில் 3 மாதம் வாங்கினால் ஆடி முழுக்க வீண். "ஆவணி பொறக்கட்டும், பேசலாம்" என்பார்கள், ஆனால் உங்கள் நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். கார்த்திகைக் கடைசியில் வாங்கினால் மார்கழி அதே வேலையைச் செய்யும். ஆவணி முதல் வாரமோ தை முதல் வாரமோதான் சரி. "ஆஃபர் இன்னிக்கு ராத்திரியோட முடியுது" என்று விற்பனைப் பிரிவிலிருந்து போன் வந்தால் பதறவேண்டாம். மறுநாளும் அதே குரல், அதே ஆஃபர்.

இனி ஏரியா விஷயம். படிவத்தில் ஊர் என்ற இடத்தில் 'சென்னை' என்று மட்டும்தான் போகும். எண் வாங்கி, பேசி, ஜாதகம் அனுப்பிய பிறகு "சென்னையில எங்க?" என்று கேட்பார்கள். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று வடசென்னைப் பெயரைச் சொன்னதும் ஒரு சின்ன மௌனம், பிறகு "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்". அந்தப் போன் திரும்ப வராது. இதற்காக 'பெரம்பூர் பக்கம்' என்று பூசி எழுதுகிறவர்கள் உண்டு. எழுதாதீர்கள். 'என்னைப் பற்றி' பகுதியின் முதல் வரியிலேயே ஏரியா பெயரைப் போட்டுவிடுங்கள். கோபமாகத்தான் இருக்கும், ஆனால் ஓடுகிறவர்கள் உங்கள் கணக்கில் ஒன்றைத் தின்னாமல் ஓடட்டும்.

ஜாதகப் பொருத்தத்தில் தளம் காட்டும் மதிப்பெண்ணை நம்பி மண்டபம் வரை போகாதீர்கள். பெரும்பாலான மென்பொருள் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி கணிக்கும். நம் வீட்டு ஜோசியர் பலர் வாக்கியப் பஞ்சாங்கம். நட்சத்திரம் மாறும் நேரம் இரண்டிலும் வேறுபடும். புனர்பூசம் முடிந்து பூசம் தொடங்கும் சந்தியில் பிறந்தவருக்கு ஒன்றில் புனர்பூசம், மற்றதில் பூசம் என்று வரலாம். பெண் அனுஷம் என்றால் புனர்பூசத்துக்கு ரஜ்ஜு (இருவருக்கும் ஒரே வகை வரக்கூடாத பொருத்தம்) தட்டாது. பூசம் என்றால் இரண்டும் தொடை ரஜ்ஜு, பேச்சு அங்கேயே முடிந்தது. எந்தப் பஞ்சாங்கம் என்பதை முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள். பிறந்த நேரம் தெரியாதவர்கள் பிறப்புச் சான்றிதழைத் தேடிப் பயனில்லை, அதில் தேதிதான் இருக்கும், நேரம் இருக்காது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்தவர்கள் நம் பக்கம் ஏராளம். அம்மாவின் பழைய டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

டேட்டிங் ஆப் வழியாகத் தேடுகிறவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. தூரத்தை 10 கி.மீ. என்று வைத்தால் ஆப் உங்களைச் சுற்றி ஒரு வட்டம் போடும். காசிமேட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி வைத்தால் பாதி வட்டம் வங்கக் கடலில் விழும். 20 வையுங்கள், அம்பத்தூரும் வேளச்சேரியும் உள்ளே வரும்.

நேரில் பார்ப்பதற்குத் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில் வசதி. பிடிக்காவிட்டாலும் சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடலாம், யார் வீட்டிலும் பஜ்ஜி தீயாது. பௌர்ணமி வெள்ளிக்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று மேலூர், திருவொற்றியூர், வடதிருமுல்லைவாயல் என்று மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்கிற கூட்டம் வரும், பெண்ணை அல்ல, வாசலையே கண்டுபிடிக்க முடியாது. மெட்ரோவில் வருகிறவர்களிடம் 'திருவொற்றியூர் தேரடி' என்று முழுப் பெயரைச் சொல்லுங்கள். வெறும் திருவொற்றியூர் என்றால் அடுத்த ஸ்டேஷனில் போய் இறங்கி நிற்பார்கள். வண்ணாரப்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை குழப்பமும் இதே ரகம்.

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் டிக் குறியைப் பார்த்து மயங்கவேண்டாம். போன் எண்ணையோ அடையாள அட்டையையோ பார்த்தார்கள் என்பதைத் தாண்டி அதற்குப் பொருள் இல்லை, சம்பளத்தையும் முந்தைய கல்யாணத்தையும் அது சொல்லாது. 'பிரிந்து வாழ்கிறார்' என்பதும் விவாகரத்தும் ஒன்றல்ல. மறுமணம் என்றால் கோர்ட் தீர்ப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வெளிநாட்டு மாப்பிள்ளை அனுப்பிய பரிசு ஏர்போர்ட் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, வரி கட்டுங்கள் என்று போன் வந்தால் அது மோசடி. கஸ்டம்ஸ் யாருடைய தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கும் பணம் போடச் சொல்லாது. உண்மையான கஸ்டம்ஸ் அனுப்பும் கடிதத்தில் டின் என்ற ஆவண எண் இருக்கும், கஸ்டம்ஸை நடத்தும் சிபிஐசி வாரியத்தின் இணையதளத்தில் அதைப் போட்டுச் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு.

வரன் அமைந்ததும் கணக்கை அழித்தால் போதும் என்று நினைக்கிறோம். அழித்தாலும் யுபிஐ ஆட்டோபே, அதாவது தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி, அப்படியே நிற்கும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வரத்தான் செய்யும், பத்து விளம்பர மெசேஜுக்கு நடுவில். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அதை ரத்து செய்துவிட்டு, பிறகு கணக்கை அழியுங்கள். 1909-க்கு 'ஸ்டார்ட் 0' என்று ஆங்கிலத்தில் மெசேஜ் அனுப்பினால் விளம்பர அழைப்புகள் குறையும். அப்படியும் கல்யாணத்தன்று காலை முகூர்த்த நேரத்தில், "சார், உங்களுக்குப் புதுசா 12 வரன் வந்திருக்கு" என்று ஒரு போன் வரும்.