அகோனி ரெக்கார்ட்ஸ் நாட்குறிப்பு

பிப்ரவரி 3, 2025

அமெரிக்க ஃபோக் பாடகர் ஜோடி கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் இருவரின் ‘உட்லேண்ட்’ சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமியை வாங்கியிருக்கிறது. அமெரிக்கானா (ஃபோக், கன்ட்ரி, புளூஸ் வேர்களில் வளர்ந்த இசை) பிரிவில் கொடுத்திருந்தாலும் யாரும் சண்டைக்கு வந்திருக்க மாட்டார்கள். வெல்ச்சின் முதல் இரண்டு ஆல்பங்கள் (1996, 1998) ஆல்மோ சவுண்ட்ஸ் நிறுவனத்தில் வந்தவை. 2001 முதல் எல்லாமே சொந்த நிறுவனமான அகோனியில்தான். கிழக்கு நாஷ்வில்லில் இருந்த பழைய உட்லேண்ட் ஸ்டுடியோவையும் வாங்கிவிட்டார்கள்.

பிப்ரவரி 8

இவர்களுடைய 2011 ஆல்பம் இசைத்தட்டாக வர 2017 ஆயிற்று. தட்டு வெட்டும் லேத்தையே சொந்தமாக வாங்கிய பிறகுதான் வெளியிட்டார்கள். பிடிவாதம்தான், ஆனால் காரணம் இருக்கிறது. தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அது மாறாது. வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும், லேபிளை நெருங்கும்போது வெறும் 21 செ.மீ. அதே ஒலியை அரைவாசிக்கும் குறைவான நீளத்தில் திணிக்க வேண்டும். முதலில் கெடுவது ‘ஸ’, ‘ஷ’ சத்தங்கள். அதனால் பக்கத்தின் கடைசியில் அடக்கமான பாட்டை வைப்பார்கள். ஒரு பக்கத்துக்கு 18 நிமிடம் சௌகரியம். 22-ஐத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் தட்டின் இரைச்சல் துருத்தும். 2001 ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ஒன்றே 14 நிமிடத்தைத் தாண்டும்!

பிப்ரவரி 15

காசு விஷயம். அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் வானொலி பாடியவருக்கு ஒரு சென்ட்கூடத் தராது. பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் மட்டும் பிஎம்ஐ, ஆஸ்காப் போன்ற உரிமைத்தொகை வசூலிக்கும் அமைப்புகள் வழியாகப் போகும். சிரியஸ் எக்ஸ்எம் போன்ற டிஜிட்டல் வானொலியின் பணம் சவுண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற வசூல் அமைப்பு வழியாக வரும்: பதிவின் உரிமையாளருக்கு 50%, பாடகருக்கு 45%, பக்கவாத்தியக்காரர்களின் நிதிக்கு 5%. சொந்த லேபிள் என்றால் 95% ஒரே வீட்டுக்கு. ஆனால் பாடகராக ஒரு முறை, உரிமையாளராக ஒரு முறை எனத் தனித்தனியாகப் பதிய வேண்டும். புதியவர்கள் கோட்டைவிடுவது இரண்டாவதை.

பிப்ரவரி 22

ராலிங்ஸின் கிதார் 1935 எபிஃபோன் ஒலிம்பிக். அந்தக் காலத்து மலிவு ரகம். சிறிய உடல், அடித்தொனி குறைவு. வெல்ச்சின் கிப்ஸன் ஜே-50 கிதார் கீழ்த்தொனியை நிரப்ப, இது மேலே தனியாகக் கேட்கிறது.

மார்ச் 3

2020-இல் இதே தேதியில், நள்ளிரவுக்குப் பிறகு வந்த சூறாவளி உட்லேண்ட் ஸ்டுடியோவின் கூரையைப் பிய்த்தது. மழையில் மாஸ்டர் டேப்களை (மூல ஒலிப்பதிவு நாடாக்களை)க் காப்பாற்ற வேண்டியதாயிற்று. சொந்தமாக வைத்திருப்பதன் இன்னொரு பக்கம் இது.

நனைந்த டேப்பை ஓட்டிப் பார்க்கக் கூடாது, சூடும் காட்டக் கூடாது. குளிர்ந்த காற்றில் உலர்த்த வேண்டும். 1970-80களின் டேப்கள் பல நனையாமலே ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்து, டேப்பை வாசிக்கும் ஹெட்டில் கீச்சிடும். அவற்றை மட்டும் சுமார் 54 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காகச் சூடேற்றி, ஆறவிட்டு, பிசுபிசுப்பு திரும்புவதற்குள் பிரதி எடுப்பார்கள். அதற்கு முன் சுருளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஊடுருவினால் அது அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த டேப். சூட்டில் வைத்தால் பாழாகிவிடும்.