மார்கழிக்கு ஏன் நாள் குறைவு?

எங்கள் மயிலாப்பூர் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைக் கிழித்துக்கொண்டே வந்தால், ஆனி மாதம் பெரும்பாலும் 32 நாட்கள் நீள்வதையும், மார்கழி பெரும்பாலும் 29 நாட்களிலேயே முடிந்துவிடுவதையும் காணலாம். இதைப் பஞ்சாங்கக்காரர்களின் ஏதோ ஒரு வழக்கம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இது, பூமி சூரியனைச் சீரான வேகத்தில் சுற்றுவதில்லை என்பதற்கு நம் கண்முன் இருக்கும் சான்று.

சூரியன் ஒரு ராசிக்குள், அதாவது வான்வட்டத்தின் 30 பாகைக்குள், இருப்பதாகத் தோன்றும் காலமே தமிழ் மாதம். ஜனவரித் தொடக்கத்தில், மார்கழியில், பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.71 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஜூலைத் தொடக்கத்தில், ஆனியில், அது 15.21 கோடி கிலோமீட்டருக்கு விலகிவிடுகிறது. விலகும்போது சூரியனின் ஈர்ப்பு பூமியைப் பின்னிழுப்பதால் வேகம் குறைகிறது, நெருங்கும்போது அதே ஈர்ப்பு வேகத்தைக் கூட்டுகிறது. மார்கழியில் நொடிக்கு 30.3 கிலோமீட்டர், ஆனியில் 29.3. ஆனால் இந்த வேறுபாடு சுமார் மூன்றரை விழுக்காடுதான். மாதங்களின் நீளமோ அதைப்போல் இருமடங்கு வேறுபடுகிறது. மீதிப் பாதிக்குக் காரணம் தொலைவு: அருகில் இருக்கும்போது அதே 30 பாகையைக் கடக்கப் பூமி ஓடவேண்டிய தூரமும் குறைவு. இவ்விரண்டும் சேர்ந்து, சூரியனையும் கோளையும் இணைக்கும் கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கும்படி அமைகின்றன. செவ்வாயின் பாதையோடு நெடுங்காலம் மல்லாடிய கெப்ளர் 1609-இல் வெளியிட்ட விதி இதுதான். நம் பஞ்சாங்க மரபோ, பாதை நீள்வட்டம் என்ற எண்ணம் இல்லாமலே, சூரியனின் மந்தோச்சத்தை, அதாவது அது மிக மெதுவாக நகர்வதாகத் தோன்றும் இடத்தை, ஆனிக்குரிய மிதுன ராசியில் வைத்து மாதங்களை ஏறத்தாழச் சரியாகவே கணித்திருந்தது. இதில் எனக்கு வியப்பு உண்டு; ஆயினும் காரணத்தைச் சொன்னவர் நியூட்டன்தான்.

பாடநூல்களில் பூமியின் பாதையை முட்டை வடிவில் வரைவதை மட்டும் என்னால் ஏற்க முடிவதில்லை. 15 சென்டிமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் வரைந்து, சூரியனை நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் போதும்; நீள்வட்டத்துக்கும் அந்த வட்டத்துக்கும் உள்ள வேறுபாடு பென்சில் கோட்டின் தடிப்புக்குள் மறைந்துவிடும். அந்தப் படங்களால்தான், அருகில் வரும்போது கோடை, விலகும்போது குளிர் என்ற தவறான முடிவு மனத்தில் பதிகிறது. சென்னைக்குக் குளிர் தெரிவதே சூரியன் மிக அருகில் இருக்கும் மார்கழியில்தான். பருவங்களை அமைப்பது பூமியின் 23.4 பாகை அச்சுச் சாய்வு.

புதனின் பாதைதான் உண்மையிலேயே ஒருபுறம் ஒதுங்கியது. சூரியனிலிருந்து அதன் தொலைவு 4.6 கோடிக்கும் 7 கோடிக்கும் இடையே மாறுகிறது. அதன் 88 நாள் ஆண்டை நம் முறைப்படி பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்தால், மிகக் குறுகிய மாதம் சுமார் 5 நாட்களும் மிக நீண்டது சுமார் 11 நாட்களும் வரும். வெள்ளிக்கு அந்தச் சிக்கலே இல்லை. ஏறத்தாழ வட்டமான அதன் பாதையில் மாதங்களுக்கிடையே அரை நாள் வேறுபாடுதான் தேறும்.