வேடந்தாங்கலில் ஏரிக்கு முதுகு காட்டி நின்ற ஒரு காலை

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிறு, அண்ணன் மகனைக் கூட்டிக்கொண்டு வேடந்தாங்கல் போனேன். ஜிஎஸ்டி சாலையில் செங்கல்பட்டு தாண்டியும் இரண்டு பக்கமும் மனைக் கற்கள்தான். படாளம் கூட்ரோட்டில் வலப்பக்கம் திரும்பிய பிறகுதான் வயல் கண்ணில் பட்டது. கண்ணாடியை இறக்கினால் அறுத்த வைக்கோல் வாசம்.

காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் நின்றோம். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் இலை தெரியாத அளவுக்குப் பறவைகள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அங்கே இருந்தன. பையன் வெகுநேரம் பைனாகுலரை இறக்கவே இல்லை. அப்புறம் கேட்டான்: “அத்தை, இவ்வளவு சின்ன ஏரியில இத்தனைக்கும் சாப்பாடு எப்படிக் கிடைக்கும்?”

நான் பல முறை வந்த இடம். இந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. ஏரி மொத்தமே 30 ஹெக்டேர், அதாவது 74 ஏக்கர். ஆயிரக்கணக்கான கூடுகளில் குஞ்சுகள் வாயைப் பிளந்து காத்திருக்கின்றன. பதில் தெரிய வேண்டுமானால் ஏரியைப் பார்த்தால் போதாது, திரும்பி நிற்க வேண்டும். திரும்பினோம். கரைக்குப் பின்னால் நவரைப் பட்டத்து நெல்லுக்குச் சேறு ஓட்டிக்கொண்டிருந்தது ஒரு டிராக்டர். அதன் பின்னாலேயே கொக்குகள். இரண்டு வயல் தள்ளி நத்தைகுத்தி நாரைகள் தலை குனிந்து சேற்றைத் துழாவின. அந்த நாரையின் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். நத்தை தின்பதற்கென்றே வாய்த்த அலகு. அது ஒரு நத்தையைப் பிடித்துச் சதையை உருவி எடுப்பதைப் பையன் மூச்சு விடாமல் பார்த்தான்.

வரப்பில் நின்ற பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “ஐயா, நாத்து நட்டா இதெல்லாம் மிதிக்காதா?”

“மிதிக்கும்மா. ரெண்டு வரிசை திரும்ப நடணும், அவ்வளவுதான். நத்தைய யாரு பொறுக்குறது? நண்டு வரப்பத் தொளைச்சா யாரு பாக்குறது?” என்றவர், மதகைக் காட்டினார். “இந்தத் தண்ணி பட்சி எச்சம் கலந்து வருது. எங்களுக்கு யூரியா அவ்வளவாத் தேவைப்படாது.”

மரத்தில் இருந்து விழும் எச்சம் ஏரியில் கரைகிறது, மதகு வழியாக வயலுக்கு வருகிறது. வயலில் நத்தையும் தவளையும் புழுவும் பெருகுகின்றன. அவற்றை அள்ளிக்கொண்டு பறவை மரத்துக்குப் போகிறது. இந்தப் பக்கங்களில் தாங்கல் என்றாலே சின்னப் பாசன ஏரிதான். ஊர்ப் பெயரிலேயே ஏரி இருக்கிறது. உழவுக்கு வெட்டிய ஏரியில் பறவை வந்து தங்கியதே தவிர, பறவைக்காக வெட்டியதல்ல. அதனால்தான் ஊர்க்காரர்கள் அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரே திரண்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டது. யாரும் சுடக் கூடாது என்று அவர் கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது. மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கதையில் வருவாரே, அதே பிளேஸ்தான். சரணாலயம், வனச்சட்டம் எல்லாம் அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தவை.

1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டரையும் சரணாலயமாக அறிவித்தார்கள். அந்த வட்டத்துக்குள் இருப்பது பெரும்பாலும் வயல், ஊர், சின்னச் சின்ன ஏரிகள். 2020இல் அதை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் யோசனை வந்தபோது எதிர்ப்பு கிளம்பியது. 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் வேடந்தாங்கல் சேர்ந்தது. சரி, சந்தோஷம். ஆனால் அந்த வட்டத்துக்குள் இன்னமும் நெல் போடுகிறவருக்கு நெல்லின் விலைதான் கிடைக்கிறது. அவர் வயல் எத்தனை குஞ்சுகளுக்குச் சோறு போட்டது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. நஞ்சு தெளிக்காமல் அங்கே விளைவிக்கும் நெல்லுக்குக் கூடுதல் விலை கொடுத்து அரசே வாங்க வேண்டும். வேலி போட்டு ஏரியை மட்டும் காப்பாற்றினால், மிஞ்சுவது சமையலறை இல்லாத வீடு.

பெரியவருக்கு ஒன்றரை ஏக்கர். மனை போட நிலம் கேட்டுப் புரோக்கர் இரண்டு முறை வந்துவிட்டாராம். “புள்ளைங்க சென்னையில வேலை பாக்குது. எனக்கு அப்புறம் யாரு உழுவான்னு கேக்குறாங்க” என்றார். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மடையைத் திறக்கக் குனிந்துவிட்டார்.

சாயங்காலம் பையன் மறுபடி காட்சிக் கோபுரம் ஏறினான். இந்த முறை ஏரிப் பக்கம் போகவே இல்லை. வயல் பக்கம் நின்றுகொண்டு, வரும் பறவைகளை எண்ணினான். நூற்று நாற்பது வரை எண்ணியவன், ஒரே நேரத்தில் பெரிய கூட்டமாக நத்தைகுத்திகள் தலைக்கு மேல் போனதும் எண்ணுவதை நிறுத்திவிட்டான். அவை இறங்கிய மரத்தில் குஞ்சுகளின் சத்தம் எழுந்தது. இருட்டி, கீழே வரச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டிருந்தோம்.