ஏ320 டைப் கோர்ஸ்: ஹைட்ராலிக்ஸிலிருந்து தொடங்குங்கள்

விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கு அடிப்படை லைசென்ஸ் கிடைத்துவிட்டாலும், ஒரு பெரிய விமானத்தைச் சரிபார்த்து ‘இது பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போட முடியாது. அந்த விமான வகையின் பெயர் லைசென்ஸில் ஏற வேண்டும். அதற்கான படிப்புதான் டைப் கோர்ஸ். பி1.1 பிரிவில் (டர்பைன் எஞ்சின் விமானங்களின் இயந்திரப் பக்கம்) எனக்கு முதலில் ஏறியது ஏர்பஸ் ஏ320, சிஎஃப்எம்56 எஞ்சினோடு. சென்னைப் பக்கம் இந்தப் படிப்பு படிக்கிற பையன்கள் நிறைய. டைப் கோர்ஸ் போகிறவர்கள் எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று கேட்டால், ஹைட்ராலிக்ஸ், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் பாகங்களை அசைக்கும் அமைப்பு, என்றுதான் சொல்வேன்.

30 டன்னுக்கு மேற்பட்ட விமானத்துக்கு பி1.1 வகுப்பறைப் பாடமே குறைந்தது 150 மணி நேரம். பாடம் ஏடிஏ சாப்டர் வரிசையில், அதாவது விமான மேனுவல்கள் பின்பற்றும் எண் வரிசையில், போகும்: 21 ஏர்கண்டிஷனிங், 24 மின்சாரம், 27 பறப்புக் கட்டுப்பாடு, 28 எரிபொருள், 29 ஹைட்ராலிக்ஸ், 32 லேண்டிங் கியர், 49 ஏபியு (வாலில் உள்ள துணை எஞ்சின்), 70க்கு மேல் எஞ்சின் சமாச்சாரம். மேனுவலில் தேடுவதற்கு இதைவிட நல்ல வரிசை கிடையாது. புரிந்துகொள்வதற்கு மட்டும் இது உதவாது. 27ஐ நடத்தும்போது 29 தெரிந்திருக்க வேண்டும், 29க்கு 24 தெரிந்திருக்க வேண்டும். அதனால் கோர்ஸ் தொடங்கும் முன்பே 29ஐ ஒரு தடவை படித்துவிட்டுப் போனேன். அதுதான் கடைசி வரை கை கொடுத்தது.

ஆரம்பத்தில் வரும் அளவுகளுக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். நீளம் 37.57 மீட்டர், முனையில் ஷார்க்லெட் (மேல்நோக்கி வளைந்த சிறகு) வைத்த இறக்கையோடு அகலம் 35.80, உயரம் 11.76. மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஹைட்ராலிக்ஸில் மூன்று தனித்தனி சிஸ்டம்: பச்சை, நீலம், மஞ்சள். மூன்றிலும் வழக்கமான அழுத்தம் 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). பச்சைக்கு முதல் எஞ்சினில் பம்பு. மஞ்சளுக்கு இரண்டாம் எஞ்சினில் பம்பு, கூடவே ஒரு மின்பம்பு. நீலத்துக்கு எஞ்சின் பம்பே கிடையாது, மின்பம்புதான். அதுவும் போனால் விமானத்தின் வயிற்றுப் பகுதியிலிருந்து வெளியே விழுந்து, காற்றில் சுழலும் சின்ன விசிறி. ராட் என்போம். ஒரு சிஸ்டத்தின் எண்ணெய் இன்னொன்றுக்குள் போகவே போகாது.

எண்ணெய் போகாதே தவிர, விசை போகும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் பிடியு என்ற விசை மாற்றி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் 500 பிஎஸ்ஐயைத் தாண்டினால் அது தானாக ஓடி, அழுத்தம் உள்ள பக்கத்து விசையை வைத்து இல்லாத பக்கத்துக்கு அழுத்தம் ஏற்றும். ஏ320இல் போனவர்கள் பலர், கேட்டிலிருந்து கிளம்பும் நேரத்தில் காலடியில் நாய் குரைப்பது போல ஒரு சத்தம் கேட்டிருப்பார்கள். பிடியுதான் அது. நான் இந்தத் துறை என்று தெரிந்தால் உறவினர்கள் முதலில் கேட்பதும் இதைப் பற்றித்தான்.

வகுப்பில் எல்லோரும் எந்த நிறம் எதற்குப் போகிறது என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். அது எனக்கு நிற்கவில்லை. அதனால் கேள்வியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்: பச்சை போய்விட்டது, இப்போது என்னென்ன இல்லை? லேண்டிங் கியரை ஹைட்ராலிக்ஸால் இறக்க முடியாது. கைப்பிடியைச் சுற்றி, சக்கரத்தின் சொந்த எடையிலேயே விழ வைக்க வேண்டும். வழக்கமான பிரேக் இல்லை; மஞ்சளின் மாற்று பிரேக்தான். அந்த மஞ்சளும் போனால்? அக்யூமுலேட்டர் என்ற சேமிப்புக் கலனில் தேங்கியிருக்கும் அழுத்தம் ஏழு தடவை முழுதாக பிரேக் அழுத்தப் போதும். மூக்கை இடவலமாகத் திருப்ப வாலில் இருக்கும் ரட்டருக்கு மூன்று நிறமும் வருகிறது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க இறக்கையில் இருக்கும் எய்லரானுக்குப் பச்சையும் நீலமும் மட்டும். இப்படி ஒவ்வொரு நிறத்தையும் வெட்டி வெட்டிப் பார்த்தால், யார் எதைத் தாங்குகிறார்கள் என்பது தானாகவே மனதில் உட்காரும்.

மின்சாரத்தையும் அப்படியேதான் படித்தேன். ஒவ்வொரு எஞ்சினிலும் 90 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று, ஏபியுவில் அதே அளவில் இன்னொன்று. எஞ்சின் ஜெனரேட்டரும் அதைச் சீரான வேகத்தில் சுற்றும் இயக்கியும் சேர்ந்த ஐடிஜியை விமானி பறக்கும்போது துண்டித்தால் துண்டித்ததுதான். தரைக்கு வந்து எஞ்சின் நின்ற பிறகு எங்கள் ஆள் கையால் இணைக்க வேண்டும். ஒரு ஜெனரேட்டர் மட்டும் மிஞ்சினால் முதலில் தியாகம் செய்யப்படுவது கேலி (விமானத்தின் சமையலறை), அதாவது பயணிகளின் காபி. முக்கிய ஏசி பஸ் (மாறுதிசை மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் தடம்) இரண்டுமே பறக்கும்போது போனால் ராட் தானாக வெளியே வரும். அது நீல சிஸ்டத்துக்கு அழுத்தம் கொடுக்கும். அந்த அழுத்தம் 5 கேவிஏ அவசர ஜெனரேட்டரைச் சுற்றும். அது மின்சாரம் கொடுக்க ஆரம்பிக்கும் வரை பேட்டரி தாங்கும். மின்சாரத்தின் கடைசிப் புகலிடம் ஹைட்ராலிக்ஸ்! இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு 24ஆம் சாப்டர் மேல் பயம் போனது.

பறப்புக் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்கள் ஏழு, மூன்று வகையில்: ஈலாக் இரண்டு, செக் மூன்று, ஃபேக் இரண்டு. ஈலாக்கும் செக்கும் வெவ்வேறு பிராசஸரில், வெவ்வேறு மென்பொருளில் ஓடுபவை. ஒரே தவறு இரண்டையும் ஒரே நேரத்தில் கவிழ்க்கக் கூடாது என்பது கணக்கு. இந்த விமானம் முதலில் பறந்தது 1987 பிப்ரவரி 22. அந்தக் காலத்திலேயே இதை யோசித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றும் வியப்பு உண்டு.

தேர்வு சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. மூன்று விடைகள், 75 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. கேள்விகளில் பாதி ‘இது போனால் அது என்ன ஆகும்’ என்ற தினுசில்தான் எனக்கு வந்தன.

அப்புறம் ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை. செய்முறைப் பயிற்சி. படத்தில் அழகாக இருந்த நிறக் கோடுகள் அங்கே கிடையாது. எல்லாக் குழாயிலும் ஒரே ஊதா நிற ஸ்கைட்ரால் எண்ணெய். கண்ணில் பட்டால் துடித்துப்போவோம், தோலையும் விடாது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மூத்த மெக்கானிக் ஒருவர் கிட்டே கூட விடமாட்டார். பிரஷர் ஏற்றும் முன் அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வது: “தம்பி, சுத்தி ஒரு ரவுண்டு நடந்துட்டு வா. உன் கண்ணால பார்க்காததை க்ளியர்னு சொல்லாத.” “சரிண்ணே” என்று நடப்பேன். வாலில் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர் அருகே ஏணி நிற்கிறதா, லேண்டிங் கியர் மடங்காமலிருக்கப் பாதுகாப்பு ஊசி (பின்) போட்டிருக்கிறதா, சக்கர அறைக் கதவை அசைக்கும் ஆக்சுவேட்டரில் பாதுகாப்புக் காலர் மாட்டியிருக்கிறதா. அந்தக் கதவு ஒரு ஆளை நசுக்கப் போதுமான வேகத்தில் மூடும்.

இன்னொன்றையும் அவர்தான் பழக்கினார்: எஞ்சினைச் சுற்றியுள்ள மூடியான ஃபேன் கவுலைச் சாத்திய பிறகு குனிந்து, தேவைப்பட்டால் படுத்தே, அடியில் உள்ள கொக்கிகளைப் பார்ப்பது. 2013 மே 24 அன்று லண்டன் ஹீத்ரோவில் ஒரு ஏ319 மேலெழும்போது இரு எஞ்சின்களின் கவுல்களும் பிய்த்துக்கொண்டு போயின. இரவு வேலையில் கொக்கி மாட்டாமல் விட்ட கவுல்கள். மிச்ச வேலையை முடிக்கத் திரும்பி வந்த மெக்கானிக்குகள் வேறு விமானத்துக்குப் போய்விட்டார்கள். வலது எஞ்சினில் தீப்பிடித்தும் விமானம் பத்திரமாக இறங்கியது.

முதல் டைப் என்றால் இதோடு முடியாது, ஓஜேடியும் (வேலையிடத்திலேயே பெறும் பயிற்சி) வேண்டும். செய்த வேலை ஒவ்வொன்றையும் பதிவுப் புத்தகத்தில் எழுதி அன்றன்றே கையெழுத்து வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போடுகிறவர் ஷிப்ட் மாறினால் பிடிப்பது பெரிய பாடு. கோர்ஸ் தொடங்கியதும் முடிந்ததும் விண்ணப்பத்துக்கு முந்தைய மூன்று ஆண்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால், ஓஜேடியைத் தள்ளிப்போடுவது ஆபத்து.

லைசென்ஸில் ஏறிய வரி சிஎஃப்எம்56க்கு மட்டும்தான். புதிய ரகமான ஏ320 நியோவில் வரும் லீப் எஞ்சின் தனி ரேட்டிங். அதற்கான, வித்தியாசங்களை மட்டும் நடத்தும் டிஃபரன்ஸ் கோர்ஸில் ஹைட்ராலிக்ஸுக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பகுதி எஞ்சினும், அதிலிருந்து எடுக்கும் காற்றான ப்ளீட் ஏரும்தான். இப்போது அந்தக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.