கீரைப் பானையிலிருந்து வெளியேறிய பன்றிக்கால்

அட்லாண்டாவில் குடியேறிய முதல் ஆண்டில், அலுவலகத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடி உண்ணும் ஒரு நண்பகலில், என் எதிர்மேசையில் பணிபுரியும் கறுப்பினத் தோழி பெரிய பாத்திரம் நிறையக் காலர்ட் கீரை சமைத்துக் கொண்டுவந்திருந்தார். அந்தக் கீரையைப் புகையூட்டிய பன்றிக்கால் துண்டோடு சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பதுதான் இங்குள்ள வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்ததால், நான் அதைத் தொடாமல் அடுத்த பாத்திரத்துக்கு நகர்ந்தேன். அவர் கவனித்துவிட்டார். "தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் இறைச்சி இல்லை, நான் வீகன்" என்றார். வீகன் என்றால் இறைச்சி மட்டுமன்றி, பால், தயிர், நெய் என விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவர். நான் கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தை அவர் ஏன் எடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து சைவம் என்று சொல்லிக்கொண்டு திரிந்த நான், அந்த மேசையில் அவரைவிட ஒரு படி கீழே நின்றேன்.

புலால் உண்ணாமையை உலகம் நம்மிடமிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றொரு அசட்டுப் பெருமிதம் அதுவரை எனக்கு இருந்தது. தமிழில் 'சைவம்' என்று சொன்னாலே, குலம் எது, தெரு எது, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கலாம் என்ற பழைய கணக்குகளும் கூடவே வந்து நின்றுவிடும். தோழியின் உணவுக்கு அப்படிப்பட்ட வம்சாவளி கிடையாது. அவருடைய தாயும் பாட்டியும் இறைச்சி உண்டவர்கள். இரத்த அழுத்தத்துக்கான மாத்திரை இரண்டிலிருந்து மூன்றாக உயர்ந்த வாரத்தில், தம்முடைய நாற்பத்து மூன்றாம் வயதில், அவரே யோசித்து எடுத்த முடிவு அது. அவர் ஒரு விதிவிலக்கு என்று நான் எண்ணியதும் பிழையாயிற்று. பியூ ஆய்வு மையத்தின் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்கர்களில் கண்டிப்பான சைவராகவோ வீகனாகவோ வாழ்பவர்கள் சுமார் 3 விழுக்காட்டினர். கறுப்பினத்தவரிடையே அது 8 விழுக்காடு. ஆயினும் வீகன் வாழ்க்கையைப் பற்றிய இதழ்களின் அட்டையில் பெரும்பாலும் ஒல்லியான வெள்ளைக்காரப் பெண்தான் சிரித்துக்கொண்டிருப்பார்.

கறுப்பினத்தவரின் வீகன் வரலாற்றைச் சொல்பவர்கள் டிக் கிரிகரியிலிருந்து தொடங்குவது வழக்கம். நகைச்சுவைக் கலைஞராகவும் குடிமை உரிமைப் போராளியாகவும் புகழ்பெற்ற அவர், 'கொலை செய்யாதிருப்பாயாக' என்ற கட்டளை மனிதரோடு நின்றுவிடக் கூடியதன்று என்ற முடிவுக்கு 1960களில் வந்து இறைச்சியைக் கைவிட்டார். இறைச்சியை விட்டபின் எதை, எப்படி உண்பது என்று அவருக்குக் கற்பித்தவரோ ஒரு பெண்மணி. சிகாகோவின் தெற்குப் பகுதியில் இயற்கை உணவுக் கடை நடத்திய அல்வீனியா ஃபுல்ட்டன், 1967இல் வியட்நாம் போரை எதிர்த்துக் கிரிகரி நீண்ட உண்ணாநோன்பு இருந்தபோது அவருக்கு வழிகாட்டினார். 1973இல் வெளிவந்த கிரிகரியின் இயற்கை உணவு நூலிலும் ஃபுல்ட்டனின் பங்கு உண்டு. அதே கிரிகரி 1986இல் அம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்கு வந்து, ஒரு ஹாம்பர்கர் பண்ணையிலிருந்து கொலைக்களத்துக்கும், அங்கிருந்து கடைக்கும், கடையிலிருந்து அடைபட்ட இரத்தக் குழாய்க்கும் செல்லும் பாதையை விவரித்தபோது, கேட்டுக்கொண்டிருந்த மாணவியருள் ஒருவர் டிரேசி மெக்குவர்ட்டர். அவர் பின்னாளில் பொதுச் சுகாதாரம் பயின்று, பத்தாயிரம் கறுப்பினப் பெண்களை வீகன் உணவுக்கு அழைக்கும் இயக்கத்தை 2020இல் தொடங்கினார். இரு பெண்களுக்கு நடுவில் நிற்கும் ஆணின் பெயரே ஊரெல்லாம் தெரிந்திருப்பது எனக்குச் சற்று மனத்தாங்கல்தான்.

இது ஒரு கிளை மட்டுமே. மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங், மகன் டெக்ஸ்டரின் தூண்டுதலால் வாழ்வின் கடைசிப் பத்தாண்டை வீகனாகக் கழித்தார். எங்கள் அட்லாண்டாவில் எபிரேய இஸ்ரவேலர் என்னும் கறுப்பினச் சமயக் குழுவினர் 1979லேயே இறைச்சியும் பாலும் இல்லாத உணவகத்தைத் திறந்துவிட்டார்கள். ஜமைக்காவிலிருந்து வந்த ரஸ்தஃபாரி சமயத்தினரின் 'ஐட்டல்' என்னும் தாவர உணவுச் சமையலையும் இதனோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு இருந்தும், வீகனாக மாறும் கறுப்பினப் பெண் தன் சொந்த உறவினரிடமிருந்தே கேட்க நேரும் முதல் கேள்வி, "பாட்டி சமைத்ததை உதறிவிட்டு வெள்ளைக்காரர் சாப்பாட்டுக்குப் போய்விட்டாயா?" என்பதாகும். தோழி இதற்குப் பாட்டியின் பாட்டியைத் துணைக்கு அழைக்கிறார். வெண்டைக்காய், தட்டைப்பயறு, எள், சோளம், தர்பூசணி ஆகிய அனைத்தும் அடிமைக் கப்பல்களின் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து இந்தத் தென் மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தவை. லூசியானாவின் புகழ்பெற்ற 'கம்போ' குழம்பின் பெயரே வெண்டைக்காயைக் குறிக்கும் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து பிறந்தது என்பார்கள். காலர்ட் ஐரோப்பியர் வழியாக வந்த கீரைதான். ஆனால் கீரையை நெடுநேரம் வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் மக்காச்சோள ரொட்டியைத் தோய்த்து உண்ணும் பக்குவம் இந்தப் பெண்களின் கைப்பக்குவம். தோட்ட முதலாளிகள் வாரந்தோறும் அளந்து கொடுத்தது மக்காச்சோள மாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும். மற்றதையெல்லாம் குடிசைக்குப் பின்னால் இருந்த சிறு பாத்தியில், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவர்களே விளைவித்துக்கொண்டார்கள். "எங்கள் பானைக்குப் பன்றி விருந்தாளியாக வந்தது, வீட்டுக்காரி கீரைதான்" என்று தோழி சொல்வதுண்டு.

கேட்க நன்றாக இருந்தாலும் இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்பதில்லை. பன்றியை வெறும் அடிமைத்தனத்தின் எச்சமாக மட்டும் பார்த்தால் ஃபேனி லூ ஹேமருக்கு நாம் என்ன பதில் சொல்வது? வாக்குரிமை கேட்டதற்காக வேலையும் வீடும் பறிக்கப்பட்ட அந்தப் பெண், 1960களின் இறுதியில் மிசிசிப்பியில் 'பன்றி வங்கி' ஒன்றைத் தொடங்கி, பசித்த குடும்பங்களுக்குச் சினைப் பன்றிகளைக் கொடுத்தார். ஈன்ற குட்டிகளில் சில வங்கிக்குத் திரும்பி, அடுத்த குடும்பத்துக்குப் போயின. அந்த வீடுகளில் பன்றி என்பது யாரிடமும் கையேந்தாத வாழ்க்கையின் பெயராக இருந்தது. அந்த நினைவுள்ள ஒரு தாய், மகள் பன்றியை விலக்கும்போது மனம் நோவதில் வியப்பில்லை.

உடல்நலக் கணக்குக்கு வருகிறேன். அமெரிக்காவின் வயதுவந்த கறுப்பினப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உயர் இரத்த அழுத்தம் இருக்கிறது. உணவு இதற்கு ஒரு காரணம் மட்டுமே; ஆனால் மாற்றக்கூடிய காரணம். 1997இல் வெளியான 'டேஷ்' ஆய்வில் கலந்துகொண்ட 459 பேரில் ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். உப்பின் அளவைக் குறைக்காமலேயே காய்கறி, பழம், பருப்பு, கொட்டை வகைகளையும் கொழுப்பு குறைந்த பாலையும் கூட்டியபோது, அவர்களுடைய மேல் அழுத்தம் சராசரியாக 7 அலகுவரை இறங்கியது. வெள்ளையரிடம் கண்டதைவிட இது அதிகம். அட்வென்டிஸ்ட் திருச்சபையினரிடம் நடந்த பெரிய ஆய்விலும், இறைச்சி உண்ணாத கறுப்பின உறுப்பினர்களுக்கு இரத்த அழுத்தமும் நீரிழிவும் குறைவாகவே காணப்பட்டன. இவற்றோடு மற்றொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தென் கரோலினாவில் பெரும்பாலும் பெண்கள் பங்கேற்ற ஈராண்டுச் சோதனையில், ஒரு குழுவுக்கு வீகன் முறையிலும் மற்றொரு குழுவுக்குக் கொழுப்பு குறைந்த இறைச்சியோடும் அதே தென்னக உணவைச் சமைக்கக் கற்றுத்தந்தபோது, முடிவில் எடையிலோ இரத்தக் கொழுப்பிலோ இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கீரையும் பயறும் தட்டில் எவ்வளவு இருக்கின்றன என்பதுதான் பெரிய கேள்வி என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தோழியின் அனுபவமும் அதையே காட்டியது. முதல் எட்டு மாதங்கள் அவர் உண்டது வீகன் பர்கர், வறுத்த உருளைக்கிழங்கு, இனிப்புப் பானம். எல்லாம் விதிப்படி வீகன்தான், உப்பும் தாராளம். அழுத்தமானி அசையவில்லை. அதைவிட மோசமாக, படியேறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. ஒரு மருத்துவர் இரண்டு முறை மன அழுத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் முறை வேறொரு மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்தபோது, உடலில் இரும்புச் சேமிப்பு ஏறக்குறைய தீர்ந்திருந்தது தெரிந்தது. கருப்பையில் ஃபைப்ராய்டு எனப்படும் நார்க்கட்டிகள் இருந்ததால் மாதந்தோறும் மிகுந்த உதிரப்போக்கு இருந்திருக்கிறது. அது இயல்பென்றே அவரும் நினைத்திருந்தார். ஐம்பது வயதுக்குள் கறுப்பினப் பெண்களில் எண்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் கட்டிகள் உருவாகின்றன என்பதால், இந்தச் சமூகத்துப் பெண்ணுக்கு வீகன் உணவைப் பரிந்துரைக்கும் எவரும் இரும்புச்சத்தைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் கருத்து. மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு தேவை. தாவரத்திலுள்ள இரும்பை உடல் எளிதில் உறிஞ்சாது. பயறோடு தக்காளி, குடைமிளகாய், எலுமிச்சை போன்ற வைட்டமின் சி உள்ளவற்றைச் சேர்த்தால் உறிஞ்சுதல் கூடும், உணவோடு தேநீர் குடித்தால் குறையும். தோழி தம் தட்டைப்பயற்றில் தக்காளியைச் சேர்த்துக்கொண்டார். உணவுவேளையில் குடித்த குளிர்ந்த இனிப்புத் தேநீரை மாலைக்கு ஒத்திவைத்தார். உணவு மட்டும் போதாத நிலையில் மருத்துவர் இரும்பு மாத்திரையும் கொடுத்தார்.

பி12 வைட்டமினுக்கு மாத்திரையைத் தவிர அல்லது அது செறிவூட்டப்பட்ட உணவைத் தவிர வீகனுக்கு நம்பகமான வழியில்லை. நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் எடுப்பவருக்கு அந்த மருந்தே பி12 அளவைக் குறைக்கக்கூடும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். கரிய தோல் வெயிலிலிருந்து வைட்டமின் டி உண்டாக்கிக்கொள்ள அதிக நேரம் பிடிக்கும். சுண்ணாம்புச் சத்தைப் பொறுத்தவரை காலர்ட் கீரை ஒரு வரம். பசலையில் உள்ளதுபோல் அதைப் பிணைத்து வைக்கும் ஆக்சலேட் இதில் மிகக் குறைவு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உண்பவர்கள் மட்டும் கீரையைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது, ஏனெனில் அதிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையை மாற்றிவிடும்.

கீரை கிடைக்கும் கடை வேண்டுமே என்ற கேள்வியும் உண்டு. புதிய காய்கறி கிடைக்காத பகுதிகளை இங்கே 'உணவுப் பாலைவனம்' என்பார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சமூகத் தோட்டங்களை வளர்த்த கேரன் வாஷிங்டன் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. பாலைவனம் இயற்கையாக அமைவது, இதுவோ மனிதர் திட்டமிட்டு ஒதுக்கியது, ஆகவே இதற்குப் பெயர் உணவு நிறவெறி என்கிறார். பாலை என்பது தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து ஆகும் நிலை என்று கருதிய மொழியில் வளர்ந்தவளுக்கு, அவர் சொல்வது உடனே விளங்கியது.

தோழியின் தாயாருக்கு இப்போது எண்பத்தொரு வயது. பன்றிக்கால் இல்லாத கீரையை முதல் இரண்டு ஆண்டுகள் அவர் வாயில் வைக்கவில்லை. தோழி வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, புகையூட்டிய மிளகாய்த்தூளும் பூண்டும் இறுதியில் சிறிது வினிகரும் சேர்த்துப் பக்குவத்தைத் திருத்திக்கொண்டே வந்தார். தாயார் இன்றுவரை பாராட்டியதில்லை. ஆனால் போன புத்தாண்டுக்குத் தட்டைப்பயறும் சோறும் கீரையும் உண்டு முடித்தபின், மீதமிருந்த கீரைத் தண்ணீரைத் தம் வீட்டுக்கு எடுத்துச்செல்ல மூடியுள்ள ஒரு பாட்டில் கேட்டாராம்.

வரும் புத்தாண்டு விருந்துக்கு என்னையும் அழைத்திருக்கிறார்கள். மக்காச்சோள ரொட்டி என் பொறுப்பு. மோரும் நெய்யும் சேர்க்கக் கூடாது என்று தோழி இரண்டு முறை நினைவூட்டிவிட்டார். சோயாப் பாலில் வினிகர் விட்டுத் திரியவைத்து நேற்று ஒருமுறை செய்து பார்த்தேன். தட்டிலிருந்து எடுக்கும்போதே மூன்றாக உடைந்தது.